மூர் மார்க்கெட்ல 850 ரூபாய்க்கு வாங்கின லொரெட்டா லின் எல்பி, ரெண்டு மாசம் கேட்டதுக்கப்புறம்

லொரெட்டா லின்ங்கற அமெரிக்கப் பாடகியோட எல்பி, அதாவது ப்ளேயர்ல ஊசி வெச்சுக் கேக்கற பெரிய ரெக்கார்டு தட்டு. மொதல்லயே சொல்லிடறேன், வாங்கலாம். ரெண்டாவது பக்கத்துல ஒரு இடத்துல ஊசி குதிக்குது, அட்டையோட ஓரம் பிஞ்சிருக்கு, யாரோ பழைய ஓனர் நீல பால் பாயின்ட் பேனாவுல பேர் எழுதி வெச்சிருக்காங்க, இதெல்லாம் தெரிஞ்சுதான் சொல்றேன். மொதப் பக்கத்தோட மொதப் பாட்டு ஒண்ணுக்காகவே 850 ரூபா குடுக்கலாம்.

நான் பல்லாவரம். ஒரு ஞாயித்துக்கிழமை எலக்ட்ரிக் ட்ரெயின் புடிச்சு பார்க் ஸ்டேஷன்ல எறங்கி, சப்வே வழியா சென்ட்ரல் பக்கம் ஏறி, அல்லிக்குளம் காம்ப்ளக்ஸுக்குப் போனேன். பழைய மூர் மார்க்கெட் 1985ல எரிஞ்சு போச்சு, ஆனா இன்னைக்கும் எல்லாரும் இதத்தான் மூர் மார்க்கெட்னு சொல்றோம். நான் போனது பழைய ரெக்கார்டு விக்கிற ஒரு பாய் கடை. கண்ணுக்கு நேரா இருக்கிற அடுக்குல தமிழ், ஹிந்தி. இளையராஜா எல்பின்னா விலை கேட்டாலே கை பின்னால போயிடும், அவ்ளோ ஏறிப்போச்சு. இங்கிலீஷ் ரெக்கார்டு எல்லாம் கீழ ஒரு அட்டைப்பொட்டில கெடக்கும், அதுலயும் கன்ட்ரி மியூசிக்னா, அதாவது அமெரிக்க கிராமத்துப் பக்கத்துப் பாட்டுன்னா, யாரும் தொடறதில்ல. எனக்கு அது வசதியாப் போச்சு. குந்திக்கிட்டு ஒண்ணொண்ணா தள்ளிப் பாத்தப்போதான் 'கோல் மைனர்ஸ் டாட்டர்' (கரிச் சுரங்கத் தொழிலாளியோட பொண்ணு) ஆல்பம் கெடச்சுது. அமெரிக்காவுல அடிச்ச காப்பி, டெக்காங்கற ரெக்கார்டு கம்பெனியோட லேபிள், கறுப்பு வட்டத்துக்கு நடுவுல வானவில் மாதிரி கலர் பட்டை போகுமே அது. 1973க்கு அப்புறம் அந்தக் கம்பெனி பேரு எம்சிஏன்னு மாறிடுச்சு, அதனால டெக்கான்னு போட்டிருந்தா அந்தக் காலத்து அச்சுன்னு ஓரளவு நம்பலாம்.

பாய் 1200 சொன்னார். நான் 700க்கு கேட்டேன். "எக்கா, வெளிநாட்டு மாலு, மின்ட் கண்டிசன், கீறலே கெடையாது" அப்படின்னார். ட்யூப்லைட்டுக்கு நேரா சாச்சுப் பாத்தா மெல்லிசா ரெண்டு கோடு தெரிஞ்சுது, ஆழமா இல்ல. கடைசில 850ல நின்னுது. கடையில போட்டுக் காட்ட ப்ளேயர் இருந்துச்சு, நான்தான் மொதப் பாட்டு மட்டும் கேட்டுட்டு அவசரப்பட்டு பணத்தக் குடுத்துட்டேன். நீங்க அப்படிப் பண்ணாதீங்க, ரெண்டு பக்கமும் பூரா ஓட விட்டுக் கேட்டுட்டு வாங்குங்க, அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் போட்டுடக் கூடாது. நம்ம ஊர் ஈரத்துக்கு, ரெக்கார்டுல ஊசி ஓடற கோட்டுக்குள்ள எல்லாம் வெள்ளையா பூஞ்சை புடிச்சிருக்கும், அதோட ஊசி வெச்சா ஊசியும் போச்சு ரெக்கார்டும் போச்சு. டிஸ்டில்டு வாட்டர்ல ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவற லிக்விட் விட்டு, மைக்ரோஃபைபர் துணியால கோட்டோட போக்குலயே வட்டமாத் தொடச்சு, அப்புறம் வெறும் டிஸ்டில்டு வாட்டர்ல ஒரு தடவ அலசி, நெழல்ல நிக்க வெச்சு காய விடணும். நடுவுல இருக்கிற பேப்பர் லேபிள் நனையக்கூடாது. கழுவினதுக்கப்புறம் பட்டாணி வறுக்கற மாதிரி கேட்ட சத்தம் பாதிக்கு மேல போயிடுச்சு.

இப்ப அந்த மொதப் பாட்டு, ஆல்பத்தோட பேர்தான் அதுக்கும். பாஞ்சோ ஒண்ணு குதிச்சுக்கிட்டு வரும், ஸ்டீல் கிட்டார் பின்னாடி இழுத்துக்கிட்டே போகும், அதுக்கு மேல அந்தம்மா குரல். நல்லா தெளிவா, கொஞ்சம் மூக்கால, அழுகை சுத்தமா இல்லாம. மூணு நிமிஷம்தான். போகப் போக சுருதி ஏறும், ஆனா குரல்ல பதட்டம் இருக்காது. வீட்டுத் திண்ணைல உக்காந்து பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட கதை சொல்ற மாதிரி சொல்லிட்டே போவாங்க. எங்கப்பா வேன் லியர் சுரங்கத்துல கரி அள்ளினாரு, ராத்திரி சுரங்கம், பகல்ல சோளக்காடு. எங்கம்மா துணி தேய்க்கற பலகைல தொவச்சு தொவச்சு விரல்ல ரத்தம் வரும். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்துல பைபிள் படிப்பாங்க. வெயில் காலத்துல எங்களுக்கு செருப்பு கெடையாது, குளிர் வந்தா கேட்டலாக் பாத்து தபால்ல ஷூ வரும், அதுக்கான காசு பன்னி வித்த காசு. இவ்ளோதான். எங்கயும் "ஐயோ நாங்க எவ்ளோ கஷ்டப்பட்டோம்"னு ஒரு வரி வராது. பன்னிய வித்தாத்தான் ஷூங்கற கணக்கு வரும், அந்தக் கணக்குலதான் எனக்கு நெஞ்ச அடைச்சுது.

ஏன்னா எங்க வீட்லயும் கணக்குதான். எங்கப்பா திரிசூலம் பக்கத்து கல்குவாரில வேல பாத்தார், அம்மா ஜல்லி ஒடச்சாங்க, கூடைக் கணக்குல கூலி. எங்கண்ணனுக்கு பள்ளிக்கூடத்துல கறுப்பு ஷூ இல்லாம உள்ள விடமாட்டேன்னு சொன்னப்போ அம்மா வளத்த கோழிங்கள்ல நாலு வித்துதான் ஷூ வந்துச்சு, அந்த ஷூவ அடுத்த ரெண்டு வருஷம் பஞ்சு வெச்சும் அப்புறம் பின்பக்கம் மிதிச்சும் போட்டான். அத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. சொன்னா பாவம்னு பாப்பாங்கன்னு ஒரு பயம். இந்தம்மா அதையே உலகத்துக்கே பாடிட்டு தலை நிமிந்து நிக்கறாங்க.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. மொத நாள் போட்டப்போ சமையக்கட்டுலேருந்து வந்து நின்னாங்க. "இன்னாம்மா இது, நம்ம ஊர்ல நடவுக்குப் பாடற மாதிரி கீது" அப்படின்னாங்க. அம்மா செங்கம் பக்கம், கல்யாணத்துக்கு முன்னாடி நடவு நட்டவங்க. நான் ஒவ்வொரு வரியா நிறுத்தி நிறுத்தி சொன்னேன். விரல்ல ரத்தம்னு சொன்னதும் அவங்க உள்ளங்கையத் திருப்பிப் பாத்துக்கிட்டாங்க. "அவங்கப்பா இருக்காரா?" "இல்லம்மா, 1959ல போயிட்டாரு, சுரங்கத்துல வேல பாத்து நெஞ்சு கெட்டுப் போச்சு." "பொண்ணு பாட்டக் கேட்டாரா?" இல்லன்னேன். மொத ரெக்கார்டே 1960லதான் வந்துச்சு. எங்கப்பாவும் அந்த இருமல்லதான் போனாரு, கல்லுத் தூசி. அம்மா அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல, "திருப்பிப் போடு"ன்னு மட்டும் சொன்னாங்க.

யார் இந்தம்மான்னு தெரியாதவங்களுக்கு. லொரெட்டா லின், 1932 ஏப்ரல் 14, கென்டக்கி மாநிலத்துல புட்சர் ஹாலோங்கற மலை இடுக்கு. எட்டுப் புள்ளைங்கள்ல ரெண்டாவது. மரவீடு, கரன்ட் கெடையாது, குளிர் உள்ள வராம இருக்க செவுத்துல பேப்பரும் சினிமா படமும் ஒட்டி வெச்சிருந்தாங்களாம், அதுல இருந்த லொரெட்டா யங்குங்கற நடிகை பேரத்தான் இவங்களுக்கு வெச்சாங்க. பேட்டரி ரேடியோ ஒண்ணு வந்ததுக்கப்புறம் சனிக்கிழமை ராத்திரி ஆனா நாஷ்வில்ங்கற ஊர்லேருந்து வர கிராண்ட் ஓல் ஆப்ரிங்கற கன்ட்ரி பாட்டு நிகழ்ச்சி. நம்ம ஊர்ல கொல்லங்குடி கருப்பாயி அம்மாவ மக்கள்கிட்ட கொண்டு வந்ததும் வானொலிதானே, அப்புறம்தான் 1985ல ஆண்பாவம் படம். கிராமத்துப் பொண்ணோட குரல் ஊர் எல்லையத் தாண்டறதுக்கு ரேடியோ செஞ்ச வேலைய இன்னும் யாரும் சரியா எழுதலன்னு எனக்குத் தோணும்.

1948ல கல்யாணம், அப்போ வயசு 15. ரொம்ப நாளா 13ன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க, அவங்க வாழ்க்கைய வெச்சு எடுத்த படத்துலயும் அப்படித்தான் வரும், 2012ல பிறப்புச் சான்றிதழ் வெளிய வந்தப்போதான் 15ன்னு தெரிஞ்சுது. 15 மட்டும் பெரிய வயசான்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல. புருஷன் ஆலிவர் லின், எல்லாரும் டூலிட்டில்னு கூப்புடுவாங்க, சுரங்கத்துக்குப் போக மாட்டேன்னு சொல்லி நாட்டோட அந்தக் கோடியில வாஷிங்டன் மாநிலம் கஸ்டர்ங்கற ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். வயித்துல புள்ளையோட போறாங்க, சொந்தபந்தம் ஒருத்தர் இல்ல. அடுத்தவங்க வீட்ல வேல, தோட்டத்துல ஸ்ட்ராபெர்ரி பறிக்கற கூலி, நாலு கொழந்தைங்க. 1953ல புருஷன் 17 டாலர் குடுத்து ஒரு ஹார்மனி கிட்டார் வாங்கித் தரார். யாரும் சொல்லித் தரல, தானே தடவித் தடவிக் கத்துக்கிட்டாங்க, புள்ளைங்க தூங்கினதுக்கப்புறம்.

எல்லாரும் "புருஷன் கிட்டார் வாங்கிக் குடுத்தான், ஸ்டார் ஆயிட்டாங்க"ன்னு ஒரே வரியில முடிச்சுடறாங்க, எனக்கு அதுதான் ஆத்தாமை. கிட்டார் வாங்கினதுக்கும் மொத ரெக்கார்டுக்கும் நடுவுல ஏழு வருஷம் இருக்கு. அதே மாநிலத்துல டாகோமாங்கற ஊர்ல பக் ஓவன்ஸ்ங்கற பாடகர் நடத்தின ஒரு டிவி நிகழ்ச்சில பாடினதப் பாத்துட்டு நார்ம் பர்லின்னு மர வியாபாரி ஒருத்தர் பணம் போட்டார், அதுக்குன்னே ஜீரோ ரெக்கார்ட்ஸ்னு ஒரு சின்ன கம்பெனி. மொதப் பாட்டே அவங்க எழுதினது, ஸ்ட்ராபெர்ரித் தோட்டத்துல கூட வேல பாத்த ஒரு பொண்ணோட கதை அதுல இருக்கு. ரெக்கார்டு அடிச்சாச்சு, அத யாரு ரேடியோவுல போடுவாங்க? ரெண்டு பேரும் காருல ஏறி ஊர் ஊரா ஒவ்வொரு ரேடியோ ஸ்டேஷனா போய் எறங்கி, கையில ரெக்கார்டக் குடுத்து போடுங்கன்னு கேட்டிருக்காங்க, தூக்கம் காருல, சாப்பாடு ப்ரெட்டும் எதோ வெச்சு. அப்படிப் போய்த்தான் அந்தப் பாட்டு பில்போர்டு பத்திரிகை போடற கன்ட்ரி ஹிட் பாட்டு லிஸ்ட்ல 14வது எடத்துக்கு வந்துச்சு. அதே 1960 அக்டோபர்ல, சின்ன வயசுல ரேடியோவுல கேட்ட அதே ஆப்ரி மேடைல நின்னு பாடினாங்க. 1962ல அதுக்கு நிரந்தர மெம்பர். நாஷ்வில்ல பாட்சி க்ளைன்ங்கற பாடகிதான் இவங்களுக்கு கைப்புடிச்சு எல்லாம் சொல்லிக் குடுத்தது, துணி எப்படி போடணும் மேடைல எப்படி நிக்கணும்னு வரைக்கும். அந்தப் பாட்சி 1963ல விமான விபத்துல போயிட்டாங்க. அடுத்த வருஷம் பொறந்த இரட்டைப் பொண்ணுங்கள்ல ஒண்ணுக்கு பாட்சின்னு பேர் வெச்சாங்க.

புருஷனப் பத்தி மறைக்கவும் முடியாது. குடி, வேற பொம்பளைங்க, கை நீட்டறது, எல்லாம் இருந்துச்சுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க, திருப்பி அடிச்சதையும் சொல்லியிருக்காங்க. அதையெல்லாம் பாட்டா எழுதினாங்க. குடிச்சுட்டு வீட்டுக்கு வராதேன்னு எழுதின பாட்டுதான் அவங்களோட மொத நம்பர் ஒன், 1967. 1975ல கருத்தடை மாத்திரையப் பத்தி ஒரு பாட்டு வந்தப்போ நெறைய ரேடியோ ஸ்டேஷன் போடவே மாட்டேன்னுட்டாங்க. அது இந்த எல்பில இல்ல, நான் ஃபோன்ல கேட்டேன். நம்ம ஊர்ல அப்போ செவத்துக்கு செவரு சிவப்பு முக்கோணம் போட்டு "நாம் இருவர் நமக்கு இருவர்"னு கவர்மென்ட் எழுதி வெச்சிருந்துச்சு, ஆனா ஒரு பொம்பள தன் வாயால "எனக்குப் போதும்"னு பாடினா அங்கயும் தாங்கல. ஆறு புள்ள பெத்தவங்க அவங்க, அவங்க பாடாம யாரு பாடறது?

1972ல கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் குடுக்கற என்டர்டெய்னர் ஆஃப் தி இயர் விருத வாங்கின மொதப் பொம்பள இவங்கதான். 1980ல வாழ்க்கைக் கதை படமா வந்துச்சு, அதுல நடிச்ச சிஸ்ஸி ஸ்பேசெக் பாட்டெல்லாம் தானே பாடி ஆஸ்கார் வாங்கினாங்க. 2004ல, எழுபது வயசுக்கு மேல, ஜாக் வைட்ங்கற ராக் பாடகரோட ஒரு ஆல்பம் பண்ணி ரெண்டு கிராமி விருது. 2022 அக்டோபர் 4, 90 வயசுல தூக்கத்துலயே போயிட்டாங்க.

சரி, ரெக்கார்டுக்கு வரேன். இந்த டைட்டில் பாட்ட அவங்க எழுதினப்போ இன்னும் நீளமா இருந்துச்சாம், ப்ரொட்யூசர் ஓவன் பிராட்லி இவ்ளோ வேணாம்னு சொல்லி சில சரணத்த வெட்ட வெச்சுட்டார், வெட்டினத எடுத்து வைக்காமப் போயிட்டோமேன்னு பின்னாடி வருத்தப்பட்டிருக்காங்க. பிராட்லி பெரிய ஆளுதான், குரல முன்னாடி வெச்சு வாத்தியத்த பின்னாடி நிறுத்தற விதம் அவ்ளோ சுத்தம், ஆனா இந்த ஒரு விஷயத்துல அவர மன்னிக்க எனக்கு மனசு வரல. அந்த வெட்டுப்பட்ட வரியில என்ன இருந்திருக்கும்னு இன்னும் யோசிக்கறேன்.

மத்த பாட்டுங்க எல்லாம் அதே தரத்துல இருக்குன்னு சொல்ல முடியாது. அப்போ எல்லாரும் பண்ற மாதிரி அந்த வருஷம் வேற ஆளுங்களுக்கு ஹிட் ஆன பாட்டுங்களயும் பாடி நெரப்பியிருக்காங்க, கான்வே ட்விட்டிங்கற கன்ட்ரி பாடகர் பாடின ஹலோ டார்லின் எல்லாம் இருக்கு. நல்லாத்தான் பாடறாங்க, ஆனா அவங்க கதை இல்லையே. அவங்களே எழுதினது வரும்போது குரல்ல ஒரு திமிரு ஏறும், ரெண்டு நாள் கேட்டாலே வித்தியாசம் புரிஞ்சுடும். ரெண்டாவது பக்கம் நான் அதிகம் போடறதில்ல.

அந்த ரெண்டாவது பக்கத்துலதான் ஊசி குதிக்கற பிரச்சன. ரெண்டு வாரம் கழிச்சு எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். பாய் மொதல்ல உங்க ப்ளேயர்ல ஊசி வெயிட்டு சரியில்லன்னார், அவரு ப்ளேயர்லயே போட்டுப் பாத்தா அங்கயும் குதிச்சுது. திருப்பி எடுத்துக்கல, 100 ரூபா கொறச்சுக் குடுத்தார், புதுசா ஒரு பிளாஸ்டிக் உறையும் போட்டுத் தந்தார். மின்ட்னு சொல்லி வித்ததுக்கு இது போதாதுன்னுதான் என் கருத்து. ஆனா வாங்கினத திருப்பிக் கொண்டு போனா பேசவே மாட்டேன்னு சொல்ற கடைங்களும் பாத்திருக்கேன், அதனால இத ஒரேயடியா மோசம்னும் சொல்ல மாட்டேன்.

யூட்யூப்ல ஃப்ரீயா இருக்கே எதுக்கு 850ன்னு தம்பி ஒருத்தன் கேட்டான். ஃபோன்ல கேட்டா அடுத்த பாட்டு தானா வந்துடும், அம்மா எந்திரிச்சுப் போயிடுவாங்க. இதுல பாட்டு முடிஞ்சா நான் எந்திரிச்சு கைய வெச்சு ஊசியத் தூக்கணும், அந்த கேப்புல அம்மா பேச ஆரம்பிக்கறாங்க. போன வாரம் அப்படித்தான் அவங்க செங்கத்துல பாடின நடவுப் பாட்டு ஒண்ண ரெண்டு வரி பாடினாங்க, மீதி ஞாபகம் இல்லன்னு நிறுத்திட்டாங்க. நான் ஃபோன எடுத்து ரெக்கார்டு பண்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு. இப்ப ரெக்கார்டு போடும்போதெல்லாம் ஃபோன ஆன் பண்ணி பக்கத்துலயே வெச்சுக்கறேன்.

வாங்கப் போறவங்களுக்கு கடைசியா ஒண்ணு ரெண்டு. 850க்கு மேல குடுக்காதீங்க, கன்ட்ரி எல்பிக்கு இங்க போட்டி இல்ல, நீங்க எழுந்து ரெண்டு அடி நடந்தாலே விலை எறங்கும். தட்டு வளஞ்சிருக்கான்னு கண்ணு மட்டத்துல வெச்சு ஓரமாப் பாருங்க, மே மாச வெயில்ல தகரக் கூரைக்குக் கீழ கெடந்த சரக்கு நெறைய வளஞ்சிருக்கும், அத சரி பண்ண முடியாது. வீட்ல படுக்க வைக்காம நிக்க வைங்க. நான் போன தடவ போனப்போ அந்த அட்டைப்பொட்டில, அடியிலேருந்து மூணாவதோ நாலாவதோ, கான்வே ட்விட்டியும் இவங்களும் சேந்து பாடின எல்பி ஒண்ணு கெடந்துச்சு, 600 சொன்னார், நான் எடுக்கல. வேணுங்கறவங்க சீக்கிரம் போங்க, காலைல பதினோரு மணிக்கு முன்னாடி போனா கடை தொறந்திருக்காது.